மா மிதந்த கடல்

சூசை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும். அப்படியொரு உத்தரவு எனக்கு இருக்கிறது. யார் இட்ட உத்தரவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சூசை என் கணவர் அல்ல. என் கணவர் மரியதாஸ் உயிரோடு இருக்கிறார். நான் இதை எழுதுகிற இந்த நேரம் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே இருந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். சூசை அவரோடு ஒரே கப்பலில் போனவர்.

நேற்று மழைக்குக் கூரை ஒழுகி, மா வைக்கிற தகரப் பேணிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இன்று காலை மூடியைத் திறந்தேன். புளித்த கோதுமை மாவின் மணம். பக்கத்தில் திரி கருகிய ஜாம் போத்தல் விளக்கு, அதன் மண்ணெண்ணெய் நெடி. தனித்தனியாக இருந்தால் இரண்டும் அடுப்படி மணம்தான். ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு அது கடல். அது ஒரு வெள்ளிக்கிழமை. என் வலது கை தானாக மூடிக்கொண்டது, மணலை அள்ளிய கை மூடுவதுபோல.

ஆகவே, சகோதரங்களே, இனியும் தள்ளிப்போட முடியாது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லப் போகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: இது சாந்தமான சாட்சி அல்ல. கோபத்தோடு கேட்டேன். கோபத்தில் இருக்கும்போதே கிடைத்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. கண்ணீர் துடைத்து முடித்த முகத்தோடுதான் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடலாம்.

நாங்கள் குருநகர் ஆட்கள். வீட்டுக்கு மேலே குண்டு விழுந்தபிறகு, பிள்ளையையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பருத்தித்துறைப் பக்கம் வந்தோம். ஒரு பாடசாலையில் இடம் தந்தார்கள். ஒரு வகுப்பறைக்கு இரண்டு குடும்பம். எங்கள் வகுப்பறையில் மற்றக் குடும்பம் பிலோமினாவும் அவளுடைய கணவர் சூசையும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நடுவில் ஒரு பழைய நீலச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் சுவர். அவர்கள் இருமினால் எங்கள் தலைமாட்டில் கேட்கும். நாங்கள் சண்டை பிடித்தால் பிலோ அந்தப்பக்கம் இருந்து தீர்ப்புச் சொல்லுவாள்.

கடலுக்குப் போகத் தடை. ரோந்துப் படகு கண்டால் சுடும். இவர், என் கணவர், விடிய எழும்பி வெளியே போய், காற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுப்பார். ஒரு மனிதனிடமிருந்து அவனுடைய காலைநேரத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கொழும்பு வியாபாரி ஒருவர் வாடகைக்கு எடுத்த பழைய சரக்குக் கப்பல் ஒன்று, மாதம் ஒருமுறை மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்கு வரும். பீரங்கி இல்லை, துவக்கு இல்லை. மூட்டை சுமக்கிற கப்பல். அதில் வேலைக்கு ஆள் கேட்டார்கள். இவர் இரண்டு முறை போய்வந்தார். மூன்றாம் முறை இன்னும் ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் சீலையை விலக்கிப் பிலோவிடம் சொன்னேன்:

"சூசை அண்ணையும் போகட்டுமன். இவருக்கும் ஒரு துணை."

சூசை அண்ணை பாயில் படுத்தபடியே பதில் சொன்னார்: "எடி பிள்ளை, மரம் மிதக்கும். அது நான் கண்டிருக்கிறன். இரும்பு மிதக்குமெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"உலகம் முழுக்க மிதக்குது அண்ணை. உங்களுக்கு மட்டும் தாழுமே?"

"எனக்கெண்டால் தாழும். என்ரை ராசி அப்பிடி."

"உந்தாளுக்கு வேலைக்குப் போகப் பஞ்சி, சோம்பேறி," என்றாள் பிலோ. "அதுக்கு இரும்பிலை பழியைப் போடுது."

எல்லாரும் சிரித்தோம். நான் விடவில்லை. அன்றும் மறுநாளும் சொல்லிச் சொல்லி, மூன்றாம் நாள் அவர் உடுக்கிற சாரத்தை மடித்துப் பைக்குள் வைத்ததும் நான்தான். இதை மறைக்காமல் எழுதுகிறேன். சூசை அண்ணையைக் கப்பலுக்கு அனுப்பியது நான்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை. வியாழக்கிழமை காலை. வாடைக்காற்று. கப்பல் வருகிற நாள் என்று தெரியும். நான் தலைக்கு முழுகுவதற்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். வாளிக்குள் தண்ணீர் நடுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. கிழக்கே, வெகு தூரத்தில், அமுக்கிய சத்தம். அந்த வருடங்களில் எங்களுக்குச் சத்தங்கள் எல்லாம் பாடம். இது ஷெல், இது பொம்மர், இது ஹெலி என்று பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அந்தச் சத்தத்துக்கு ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. அது வானத்திலிருந்தும் வரவில்லை, நிலத்திலிருந்தும் வரவில்லை.

பிலோ ஓடிவந்தாள். "என்னடி அது?"

"தெரியாது."

தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. வாளியை நான் திரும்பக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன், கயிற்றோடு.

மத்தியானம் செய்தி. மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் பூட்டி, ஒருவர் கையால் பெடலைச் சுற்றினால்தான் ரேடியோ பேசும். அன்றைக்கு நான் சுற்றினேன். யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு நிலையம் சொன்னது, கப்பலில் இயந்திரம் வெடித்து விபத்து. இன்னொன்று சொன்னது, கடும் கடலில் கப்பல் மூழ்கியது. மூன்றாவது, வெளிநாட்டு நிலையம், நீர்மூழ்கி ஒன்று தாக்கியதாக நம்பப்படுகிறது, ஆனால் எந்தத் தரப்பும் பொறுப்பேற்கவில்லை என்றது. உயிர் தப்பியவர்கள் பற்றிய விபரம் இல்லை.

"ஆரடி செய்தது?" பிலோ கேட்டாள்.

"ஒருத்தரும் செய்யேல்லையாம்."

நான் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். செய்தி முடிந்து பாட்டுப் போனது. பாட்டும் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. உள்ளங்கை தோல் உரிந்தது. ஒருத்தரும் செய்யவில்லையாம்! மாவும் சீனியும் ஏற்றிவந்த ஒரு கிழட்டுக் கப்பலைத் தண்ணீருக்கு அடியில் ஒளித்து நின்று உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர்களும் காலையில் எழும்பிப் பல்லு மினுக்கித் தேத்தண்ணீர் குடித்த மனிதர்கள்தானே? அவர்களுக்கு ஒரு முகம் இல்லையா? திட்டுவதற்கு ஒரு பெயராவது வேண்டாமா ஒரு பெண்ணுக்கு? என் கோபத்துக்கு விலாசம் இல்லாமல் போனது. விலாசம் இல்லாத கோபம் யார் வீட்டுக்கும் போகும். அது முதலில் ஆண்டவர் வீட்டுக்குப் போனது.

அன்று பின்னேரம் பிலோவும் நானும் கோயிலுக்குப் போனோம். அவள் முழங்காலில் நின்று செபமாலையை எடுத்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. நான் முழங்காலில் நிற்கவில்லை. பீடத்துக்கு முன்னால் நேராகப் போய் நின்று சொன்னேன்:

"நீர் தண்ணிக்கு மேலை நடந்தனீர். நல்லது. என்ரை மனுசனுக்கு நடக்கத் தெரியாது. புயலுக்கை வள்ளத்திலை நித்திரை கொண்டனீர். எழுப்பினால் எழும்பினனீர். இப்ப நான் எழுப்புறன், எழும்பும். அவர் எனக்கு வேணும். உயிரோடை வேணும். தராட்டில் நான் இந்தப் படியிலை இனி ஏறமாட்டன். உமக்கு ஒரு ஆள் குறைஞ்சால் பரவாயில்லையெண்டால் விடும்."

இதுதான் என் செபம். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பணிவு இல்லை. 'உமது சித்தம்' இல்லை. எனக்குப் பக்கத்தில் பிலோ பணிவாக, அழகாக, ஒவ்வொரு மணியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே காரியத்தைத்தான் கேட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் பங்குச் சுவாமி, பாதிரியார், வந்தார். சனிக்கிழமை, இறந்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசை வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். பிலோ தலையைக் குனிந்தாள். நான் சொன்னேன்: "இவரின்ரை பேரை அந்தப் பூசையிலை வாசிச்சால் நான் நடுவிலை எழும்பிச் சத்தம் போடுவன், சுவாமி. பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது." சுவாமி பேரேட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் யாரோ சொன்னார்கள், மணற்காட்டுப் பக்கம் மா மூட்டை கரையேறுகிறதாம். மா வந்தால் மனிதரும் வருவார்கள் அல்லவா? வாடைக்காற்று அங்கிருந்து எங்கள் கரைக்குத்தானே தள்ளும்? பிலோவைச் சைக்கிளில் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு மிதித்தேன். எதிர்க்காற்று.

அந்தக் கரையை நான் எப்படிச் சொல்வேன்! மணற்குன்றுகளுக்குக் கீழே, தண்ணீர் ஓரம் முழுக்க வெள்ளை மூட்டைகள் புரண்டுகொண்டு கிடந்தன. சுற்றி வெள்ளை நுரை. கடலே மாப் பிசைந்ததுபோல. அதன்மேல் மண்ணெண்ணெய் ஏழு நிறத்தில் மினுங்கியது. புளித்த மணம். அந்த மணத்துக்குள் சனம், ஊர் முழுவதும். இழுக்கிறார்கள், உருட்டுகிறார்கள், சைக்கிளில் கட்டுகிறார்கள். ஒரு மூட்டையை ஒருவர் கத்தியால் கீறிக் காட்டினார். வெளியே ஓர் அங்குலம் மா நனைந்து சீமெந்துபோல இறுகியிருந்தது. உள்ளே மா காய்ந்து, பூப்போல. ஒரு சொட்டு ஈரம் இல்லை. சனம் கூவியது. சிரித்தார்கள். மாதக்கணக்கில் பாணும் ரொட்டியும் காணாத சனம். இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. என் கண்ணுக்கு அவர்கள் என் மனிதருடைய உடலைத் துண்டு துண்டாகக் கொண்டுபோவதுபோலவே இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவன் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். முப்பது வயது இருக்கும். பிறகுதான் பெயர் தெரியும், செல்லத்துரை. "அக்கா, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஒண்டைப் பிடியுங்கோ, சைக்கிளிலை தூக்கி வைச்சு விடுறன். இண்டைக்குக் கடலிலை கடையே திறந்திருக்கு!"

எங்கள் பக்கம் பெண்களுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. கையில் எதுவும் இல்லாதவளுக்கும் காலுக்குக் கீழே மண் உண்டு. அள்ளித் தூற்றிச் சபித்தால் அது பலிக்கும் என்பார்கள். ஞானஸ்நானம் பெற்றவள் செய்யக்கூடாத வேலை. நான் குனிந்தேன். கை நிறைய அள்ளினேன்.

"செத்த ஆக்களின்ரை மாவை அள்ளித் தின்னுறியளோ! உன்ரை கண் அவிஞ்சு போக!"

கடற்காற்று எதிரே அடித்தது, ஆனால் அது ஈரமண். முழுவதும் அவன் முகத்தில் விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு அப்படியே தண்ணீரில் குந்திவிட்டான். பிலோ என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தாள். "விசரே உனக்கு? விடடி. அவையள் என்ன செய்தவை? வா, வா." நான் இன்னும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு நின்றேன். எறியவில்லை, கையிலேயே வைத்திருந்தேன். பருத்தித்துறை வரும்வரை ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி அந்த மண்ணைக் கொண்டுவந்தேன்.

அன்று இருவரும் ஒன்றும் சமைக்கவில்லை. சீலைக்கு அந்தப்பக்கம் அவள் செபிக்கிற முணுமுணுப்பு. இந்தப்பக்கம் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். கப்பலில் போனவர்களின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டு, பாடசாலை வாசலில் ஒரு லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், வந்து நின்றது. அதன் இழுவைப் பெட்டி நிறைய மா மூட்டை. அதற்குமேல் வெள்ளையாக ஒன்று கிடந்தது. தலைமயிர், கண்ணிமை, தாடி எல்லாம் மா இறுகி, கோயிலில் உடைந்த சொரூபத்தை எடுத்துக் கிடத்தியதுபோல. அந்தச் சொரூபம் கண்ணைத் திறந்தது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பெட்டிக்குள் ஏறி அவருடைய முகத்தில் இருந்த மாவை நகத்தால் சுரண்டினேனாம். "மெல்ல, மெல்ல, தோல் உரியுது அக்கா," என்று ஒரு குரல். திரும்பினேன். ஒரு கண் இரத்தமாய்ச் சிவந்து வீங்கி, செல்லத்துரை.

"என்னைத் தெரியுதோ? நீங்கள் எறிஞ்ச மண் இன்னும் உள்ளுக்கைதான் கிடக்கு."

நான் திரும்பவும் இவர் முகத்து மாவைத் துடைக்கத் தொடங்கினேன்.

"பகிடி இல்லையக்கா, கேளுங்கோ. நேற்று நான் கண்ணைக் கழுவிக்கொண்டு கரையிலை குந்தியிருக்க, கிட்டக் கிடந்த மூட்டை முழுக்க மற்றவங்கள் கொண்டுபோயிட்டாங்கள். கண் திறந்தால் ஒரு மூட்டை மிச்சமில்லை. வெறுங்கையோடை போனன். மனுசி ஏசின ஏச்சுக்கு, விடியவே வள்ளத்தைத் தள்ளினன். சுட்டால் சுடட்டுமெண்டு ஒருத்தரும் போகாத தூரத்துக்குப் போனன். அங்கை ஒரு கயிற்று வலை. கப்பலிலை மூட்டை தூக்கிற வலை. பத்துப் பன்னிரண்டு மூட்டை ஒண்டாக் கட்டினபடி மிதக்குது. அதுக்கு மேலை இந்தாள். நான் மூட்டையெண்டுதான் இழுத்தன். மூட்டை முனகுது!"

சகோதரங்களே, இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்கிறேன். நான் எறிந்தது சாபம். கண் அவிய வேண்டும் என்று மனதார எறிந்தேன். அந்த மண் விழாவிட்டால் அவன் அன்றைக்கே இரண்டு மூட்டையோடு வீட்டுக்குப் போயிருப்பான். மறுநாள் ஒருவரும் அந்தத் தூரம் போயிருக்கமாட்டார்கள். இன்னும் ஒரு நாள் இவர் தாங்கியிருக்கமாட்டார். என் செபத்தை ஆண்டவர் கேட்டார். என் சாபத்தையும் கையில் எடுத்து, அதையே கயிறாக்கி, என் மனிதரைக் கரைக்கு இழுத்துப் போட்டார். இதைத் தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த மண்ணை அள்ளியது என் கை. எனக்குத் தெரியும்.

பிறகு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "பாவமில்லையெண்டும் சொல்லேலாது, புண்ணியமெண்டும் சொல்லேலாது. மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லும் பிள்ளை," என்றார்.

இங்கேயே முடித்துவிட்டால் நல்ல சாட்சி. இங்கே முடிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம்.

ஏனென்றால், நான் பெட்டிக்குள் இவரைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது பிலோ லான்ட்மாஸ்டரைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். மற்றப் பக்கம் பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தாள். பிறகு செல்லத்துரையிடம் கேட்டாள், கடையில் சாமான் கேட்பதுபோல அமைதியாக:

"மற்றவர்?"

செல்லத்துரை தலையைக் குனிந்தான். "வேறை ஒருத்தரும் இல்லையக்கா."

அவள் உள்ளே போய்ச் சீலையை இழுத்துவிட்டாள்.

இரண்டு நாள் இவருக்குப் பேச்சு வரவில்லை. உப்பில் நாக்கு வெடித்திருந்தது. மூன்றாம் நாள் பிலோவைக் கூப்பிட்டுச் சொன்னார். வியாழன் விடிகிற நேரம் அவரும் சூசை அண்ணையும் மேல்தட்டில் நின்றிருக்கிறார்கள். தண்ணீரில் ஒரு கறுத்த முதுகு எழும்பியது. "திமிங்கிலமெண்டால் மூச்சு விடும். உது விடேல்லை," என்றார். அது தாழ்ந்தது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு குரல் இல்லை. கொஞ்ச நேரத்தில் கப்பல் நடுவால் முறிந்தது. இரும்புக் கப்பி ஒன்று கழன்று சூசை அண்ணையின் நெஞ்சில் அடித்தது. இவர் அவரை இழுத்துக்கொண்டுபோய் அந்த வலையில் ஏற்றினார். மூட்டையைக் கிழித்துக் காய்ந்த மாவை எடுத்து வாயில் வைத்தார். அவரால் விழுங்க முடியவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு போய்விட்டார். இவர் தன் சாரத்தால் அவரை வலையோடு கட்டிவைத்தார். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய அலை அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போனது.

"கடைசியா ஏதும் சொன்னவரோ?" பிலோ கேட்டாள்.

இவர் முகட்டைப் பார்த்தார். "ஒண்டும் கதைக்கேல்லை பிலோ. சமாதானமாப் போனார்."

அது பொய். அவர் கடைசியாகச் சொன்னதை இவர் எனக்குப் பிறகு தனியாகச் சொன்னார். அதை எப்படி ஒரு விதவையிடம் சொல்வது என்று வெட்கப்பட்டார். நான்கு வருடம் அந்தப் பொய்க்கு நானும் காவல் இருந்தேன்.

பிலோ என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். மீன் விலை பேசினாள். ஆனால் செல்லத்துரை தந்துவிட்டுப் போன அந்த மாவில் ஒரு பிடியும் அவள் தொடவில்லை. கப்பல் என்ற சொல்லைச் சொல்லவில்லை. கோயிலில் இரண்டு முறை சுவாமி என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். இரண்டு முறையும் எழும்பினேன். மூன்றாம் வாங்குப் பலகையில் பிலோ இருப்பதைக் கண்டேன். உட்கார்ந்துவிட்டேன். எந்த வாயால் 'என் செபம் கேட்கப்பட்டது' என்று சொல்வேன்? அவள் செபம் வழியில் தொலைந்த கடிதமா?

இதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசுகிறவர்களை நான் வெறுக்கிறேன். 'அவருக்கு வேளை வந்தது', 'ஆண்டவர் நேசிப்பவரை முதலில் அழைப்பார்' என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். சூசை அண்ணையை அழைத்தது ஆண்டவர் அல்ல. தண்ணீருக்கடியில் இருந்த ஒரு மனிதன் விசையை அழுத்தினான். அந்தக் கொலையைக் கழுவி ஆண்டவர் தலையில் வைக்காதீர்கள். இவர் அந்த ஆட்களுக்காகத் தினமும் செபிக்கிறார். "அவங்களுக்கும் பெண்டில் பிள்ளையள் இருக்கும்," என்கிறார். என்னால் இன்னும் முடியவில்லை. பரலோக மந்திரத்தில் மன்னிக்கிற அந்த இடம் வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் முடித்தபிறகு, அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். அதையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் மாறியது மாறியதுதான். அந்த நாளுக்குப் பிறகு நான் மண் அள்ளவில்லை. யாரையாவது சபிக்க வாய் துடித்தால் செல்லத்துரையின் சிவந்த கண் முன்னால் வரும். நாளைக்கு எனக்கு உதவப்போகிறவன் இவனாக இருந்தால் என்ன செய்வேன் என்று நினைப்பேன். செல்லத்துரை வீட்டார் சைவம். இவர் பிழைத்ததற்கு அவர்கள் தங்கள் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு தை மாதமும் நான் மணற்காட்டுக்குப் போய் அவர்கள் அடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறேன். "அக்கா வாறா, கண்ணைப் பொத்துங்கோ," என்று அவன் தன் மனைவியிடம் கத்துவான்.

ஆகவே, நெஞ்சு எரிந்துகொண்டு இதை வாசிக்கிற சகோதரி, சகோதரனே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கோபம் ஆறட்டும், பிறகு செபிப்போம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடே போங்கள். கையில் மண் இருந்தால் மண்ணோடே போங்கள். கேட்டது கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பிலோவைத் தெரிந்தவள் அப்படி வாக்குத் தரமுடியாது. ஆனால் அவர் கதவைச் சாத்தமாட்டார். நான் அவரை மிரட்டினேன். அவர் என்னைத் துரத்தவில்லை. இதை நம்புங்கள். நான் நம்பித்தான் இந்தப் படிகளில் இன்னும் ஏறுகிறேன்.

இனிப் பிலோ போனதைச் சொல்கிறேன். தொண்ணூற்றைந்து. சனம் திரும்பவும் மூட்டை கட்டிக்கொண்டு அலைந்த காலம். வன்னியில் இருந்த அவளுடைய தம்பி வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். கிளாலியில் வள்ளம் பிடித்து அக்கரை போகவேண்டும். பகல் பத்து மணி. பாடசாலை வாசலில் ஒரு ட்ராக்டர் நின்றது. பிலோ நடுவில் தொங்கிய நீலச் சீலையை அவிழ்த்து, உதறி, மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். வகுப்பறை ஒரேயடியாகப் பெரிதாகிவிட்டது.

ட்ராக்டர்காரன் அவசரப்படுத்தினான். இனிமேல் காண்பேனோ என்று தெரியாது. நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"பிலோ, இவர் உனக்குப் பொய் சொன்னவர். அண்ணை கடைசியாக் கதைச்சவர்."

அவள் ஏறப்போன காலைக் கீழே வைத்தாள். "என்ன?"

"வலைக்கு மேலை படுத்துக்கொண்டு, கப்பல் தாழுறதைப் பாத்தவராம். பாத்துப்போட்டு, 'உவள் பிலோவிட்டைப் போய்ச் சொல்லு மரியதாஸ், இரும்பு தாழ்ந்திட்டுது, மா மிதக்குது' எண்டவராம். அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை. பகிடியைப் போய் உன்னட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு..."

பிலோ என்னைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "அது அந்தாள்தான். கடவுளே, அது அந்தாளேதான். கடைசி மட்டும் தான் சொன்னதுதான் சரியெண்டு..." சீலை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ட்ராக்டர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். இயந்திரம் உறுமத் தொடங்கியது. புகைக்கு மேலால் குனிந்து சத்தமாகச் சொன்னாள்:

"இனிக் கோயிலிலை எழும்பிச் சொல்லடி, நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். ஆனா உன்ரை மனுசனிலை தொடங்காதை. சூசை எண்டு தொடங்கு."